புளிப் பானையில் ஃபியூஸ் கட்டை

திருத்தணி,
ஆனி மாதக் கடைசி.

அன்பு மகள் அனுராதாவுக்கு உன் அம்மா மணியம்மை எழுதுவது. இங்கே நான், உன் நைனா, கொல்லையில் கட்டியிருக்கும் கறுப்பு ஆடு எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். போலந்தில் நீயும் அப்படியே இருக்க மலைமேல் இருப்பவன் துணை. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று போனில் சொல்கிறாய், அதை நான் முழுதாக நம்பவில்லை, போன வாரம் வீடியோவில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது, கேட்டால் வெளிச்சம் சரியில்லை என்கிறாய். வெளிச்சம் எப்படியம்மா எலும்பைக் காட்டும்?

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறோமே, பின் எதற்கு இவள் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. நாம் பேசும்போதெல்லாம் உன் நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார். அது போதாதென்று அந்த போனே நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம், வெந்தயம் தீர்ந்துவிட்டது என்று நான் அடுப்படியில் வாயால் சொன்னேன், மறுநாள் போனில் வெந்தய விளம்பரம் வந்து நிற்கிறது. ஆகவே எதிர்வீட்டு ஆகாஷ் படிப்புக்குத் திரும்பி வருகிறானே, அவன் கையில் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பையன் நல்லவன்தான், அவன் அம்மாவுக்குத்தான் அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் சோறு வேண்டாம். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தில் மஞ்சள் குழைத்துத் தடவியிருக்கிறேன். மஞ்சளில் கீறல் இருந்தால் போனில் ஒன்றும் சொல்லாதே, பொடி ஈரமாக இருந்தது என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்கிறேன்.

விஷயம், பொங்கலுக்கு வந்தபோது நீ ஷெட்டில் செய்துவிட்டுப் போன வேலையைப் பற்றியது. உன் நைனா வேன் மேலே மூட்டை ஏற்றும்போது விழுந்ததிலிருந்து வலது கை தலைக்கு மேலே எழும்பவில்லை. ஸ்டியரிங் பிடிக்க அந்தக் கை போதும், ஷெட் ஷட்டரைத் தூக்கத்தான் போதவில்லை. விடிவதற்குள் ஸ்டேஷனுக்குப் போய் நின்றால்தான் முதல் ரயிலில் மலைக்கு வருகிறவர்கள் ஏறுவார்கள் என்பதால், பக்கத்து வீட்டிலிருந்து உன் சின்ன நைனா கண்ணையன் தினமும் வந்து ஷட்டரைத் தூக்கிவிடுவார், நான் கொடுக்கும் காபியை நின்றபடியே குடிப்பார், அண்ணனும் தம்பியும் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள், பிறகு இவர் ஸ்டேஷனுக்கு அவர் கரும்புக் கழனிக்கு. இதை நீ பார்த்தாய், சின்ன நைனாவுக்கு எதற்குச் சிரமம் என்றாய், எலக்ட்ரீஷியன் அரசுவை அழைத்து மோட்டார் வைத்தாய். சுவரில் ஒரு பொத்தான், அமுக்கினால் ஏறுகிறது, அமுக்கினால் இறங்குகிறது, அதோடு விட்டிருக்கலாம். நீ விடவில்லை. உன் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை பிளக்கையும் தீப்பெட்டி அளவு ரிலே ஒன்றையும் எடுத்து அதில் மாட்டினாய். போனில் தொட்டால் பிளக் விழித்துக்கொள்ளும், அது ரிலேயை எழுப்பும், ரிலே டக் என்று பொத்தானின் இரண்டு ஒயரையும் ஒரு நிமிஷம்கூட இல்லை ஒரு நொடி சேர்த்துப் பிடிக்கும், யாரோ பொத்தானை அமுக்கியதாக ஷட்டர் நினைத்துக்கொள்ளும் என்று பொறுமையாகத்தான் விளக்கினாய். நான் அந்த ‘யாரோ’வையே பிடித்துக்கொண்டேன். யாரோ என்றால் யார்? போலந்தில் இருந்துகொண்டு நீ திறக்கலாம் என்றால் நடுவில் இருக்கிற எத்தனை நாட்டுக்காரன் திறக்கலாம்? கேட்டதற்கு அப்பாவும் பெண்ணும் சேர்ந்து சிரித்தீர்கள். கிளம்பும்போது, கிரைண்டர் பக்கத்தில் இருக்கிற ஷெட் சுவிட்சை மட்டும் அணைக்காதே அம்மா என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாய். அப்போதே எனக்குத் தோன்றியது, அணைக்காதே என்று இவ்வளவு சொல்கிறாளே, இதற்குள் என்னவோ இருக்கிறது என்று.

தை கடைசியில் நீ விமானம் ஏறிய அன்றைக்கே அணைத்தேன். திட்டாதே. ஒரு பொருள் சிவப்புக் கண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க என் வீட்டில் விழித்திருக்க, நான் மட்டும் எப்படிக் கண்ணை மூடுவது? படுக்கப்போகும்போது ஷெட் சுவிட்சை அணைப்பேன், காலையில் வாசலிலும் ஷெட் முன்னாலும் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து ஷெட் சுவிட்ச், கிரைண்டர் சுவிட்ச் இரண்டையும் ஒன்றாகத் தட்டிவிட்டு மாவு ஆட்ட உட்கார்ந்துவிடுவேன். நைனாவுக்குச் சொல்லவில்லை, உனக்கும் சொல்லவில்லை. நம் கிரைண்டர் சத்தம் உனக்குத் தெரியும், பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

மாசி பிறந்ததும் ஆரம்பித்தது. உன் நைனா குளித்துவிட்டு வண்டி எடுக்கப் போனால் ஷட்டர் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அவருக்கு அதில் கவலையே இல்லை, திறந்து கிடந்தால் எனக்கு வேலை மிச்சம்தானே என்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, தார்ப்பாய் மடித்தது மடித்தபடி இருக்கிறது. ஒன்றும் போகவில்லை. ஒன்றுமே போகவில்லை என்றபோதுதான் எனக்குப் பயம் அதிகமானது, திருடன் என்றால் எடுத்துக்கொண்டு போவான், எடுக்காமல் திறந்து மட்டும் வைக்கிறவன் என்ன நோக்கத்தில் திறக்கிறான்? முதலில் அரசுவைச் சந்தேகப்பட்டேன், மோட்டார் வைத்தவனுக்குத்தானே அதன் சூட்சுமம் தெரியும், ரிப்பேர் என்று நாம் கூப்பிட வேண்டும் என்பதற்காகச் செய்கிறானோ என்று. பிறகு உன்னையே சந்தேகப்பட்டேன். நீ அங்கிருந்து விளையாடுகிறாயா என்று நான் கேட்டதும் நீ சிரித்ததும், திரும்பக் கேட்டதும் எரிந்து விழுந்து போனை வைத்ததும் நினைவிருக்கும். நடுவில் அரக்கோணத்தில் என் அக்கா வீட்டில் போய்த் தங்கியிருந்தேனே, அந்த நாட்களில் ஷட்டர் திறக்கவே இல்லையாம். வந்த மறுநாள் காலை திறந்துகொண்டது. இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் வீட்டில் இருக்கும்போது மட்டும் திறக்கிறவன், என்மேல் வன்மம் உள்ளவன். எவ்வளவு சாமர்த்தியமாக யோசித்தேன் பார்.

அதற்கப்புறம்தான் ஷெட் முன்னால் போட்ட கோலம் கண்ணில் பட்டது. ஷட்டர் திறந்து கிடந்த ஒரு நாள் பார்க்கிறேன், கோலத்தின் ஓரம் அழிந்து, அகன்ற வெறுங்கால் ஒன்று பதிந்திருக்கிறது. மறுநாளும் இருந்தது. செருப்புப் போடாமல் இந்தச் சந்தில் நடக்கிற ஆள் யார் என்று உனக்கே தெரியும். உன் சின்ன நைனா. நீ ரிலே மாட்டும்போது பக்கத்திலேயே நின்று, இது எதற்கு அது எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். எல்லாம் முடிந்ததும், இனிமேல் எனக்கு இங்கே வேலை இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னவரும் அவர்தான். நாம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்து அவர் காபிக்கு வரவில்லை. உனக்கு உறைத்ததோ இல்லையோ, எனக்கு எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்திவிட்டது, மனுஷனுக்கு மனத்தாங்கல், மெஷின் சரியில்லை என்று நிரூபிப்பதற்காக வந்து திறந்துவிட்டுப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கேட்டேன். கேட்ட இடம்தான் தப்பு. கெங்கையம்மன் கோயில் வாசலில், கூழ் வாங்கப் பத்துப் பேர் நிற்கும்போது, காலையில் ஷெட் பக்கம் வருகிறீர்களா இல்லையா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. “ஆங், வரேன் அண்ணி. கால் பழகிட்ச்சு, கொண்டாந்து உட்டுடுது. ஷட்டரு தெறந்து கெடக்கும், சரின்னு திரும்பிடுவேன்” என்றார். அது உண்மை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பதில் எனக்கு ரொம்பச் சுலபமாக இருப்பதாகப் பட்டது. அப்படியானால் நீங்கள் திறக்கவில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுங்கள் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே அதிகப்படி என்று பட்டது, ஆனால் சொன்னது சொன்னதுதான். உன் நைனா, ஏய் மணி என்றார், அவ்வளவுதான், அதற்குள் உன் சின்ன நைனா குனிந்து எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைத்துவிட்டார். கையைக்கூட உதறவில்லை. “போதுமா அண்ணி?” என்று மட்டும் கேட்டுவிட்டு, கூழ் வாங்காமல் போய்விட்டார்.

அனு, மறுநாள் காலையும் ஷட்டர் திறந்துதான் கிடந்தது. கோலத்தில் கால்தடம் இல்லை. பொய்ச் சத்தியமாக இருந்தால் அம்மன் அவரைக் கேட்பாள், மெய்ச் சத்தியமாக இருந்தால் என்னைக் கேட்பாள், இரண்டில் எது என்றாலும் குடும்பத்துக்குத்தானே கேடு. உன் நைனா என்னிடம் பேச்சை விட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்க ஆரம்பித்தார், அதுதான் தாங்கவில்லை. அப்புறம் உன் சின்னம்மா வந்து வாசலில் நின்றபடியே, ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டுக்காரர் மணவூரிலிருந்து என் பிறந்த வீட்டாரோடு மலை ஏறப் போகிறாராம் என்று சொல்லிவிட்டுப் போனாள். உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீ காய்ச்சலில் கிடந்து பிழைத்து எழுந்ததற்காக எடுத்த வேண்டுதல், வருஷா வருஷம் ஒரே காவடி, பாதிப் படிவரை அண்ணன் தோளில், மீதிக்குத் தம்பி தோளில். இந்த வருஷம் உன் நைனாவுக்கு ஒற்றைத் தோள்தான். தம்பி வந்து வாங்கிக்கொள்ளாவிட்டால் அவரால் மலை ஏற முடியாது, ஏறாமல் இருக்கவும் அவரால் முடியாது. முருகனுக்கே கோபம் தணிந்த மலை என்று ஊரெல்லாம் இங்கே வருகிறது, அடிவாரத்தில் நான் உட்கார்ந்துகொண்டு ஒரு நல்ல மனுஷனுக்குக் கோபத்தை ஏற்றி வைத்திருக்கிறேன்.

உண்மை தெரிந்தது கிரைண்டர் பெல்ட் அறுந்த அன்றைக்கு. கோலம் போட்டுவிட்டு வந்து வழக்கம்போல இரண்டு சுவிட்சையும் தட்டினேன், கிரைண்டர் ஓடவில்லை, வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஷெட்டுப் பக்கம் டக் என்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே ஷட்டர் கரகரவென்று ஏறுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை. திரும்பி வந்து ஷெட் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டேன். டக் என்றது, ஷட்டர் இறங்கியது. இன்னொரு முறை போட்டேன், ஏறியது. அங்கேயே கிரைண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டேன். கரண்டை நிறுத்தித் திரும்பக் கொடுத்தால் உன் பிளக் விழித்துக்கொண்டு முதல் காரியமாக ரிலேயை எழுப்புகிறது. நீ அணைக்காதே என்று சொன்னது இதற்குத்தான். நான் அரக்கோணம் போனபோது அணைக்க ஆள் இல்லை, அதனால் திறக்கவும் இல்லை. மாசியிலிருந்து என் வீட்டு ஷட்டரைத் தினமும் திறந்துகொண்டிருந்த அந்த யாரோ, நான்.

எனக்கு அழுகை வந்தது, உன்மேல் கோபமும் வந்தது, காரணத்தைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன், அது வேறு. முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகச் சின்ன நைனா வீட்டுக்குப் போய், உன் சின்னம்மா எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரி அண்ணி, போகட்டும் என்றார். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை, மணவூர் பயணம் மாறியதாகவும் பேச்சில்லை. ரொம்ப யோசித்தேன் அனு. உன் நைனாவும் சரி, அவர் தம்பியும் சரி, சும்மா ஒரு வீட்டுக்கு வந்து உட்காரத் தெரியாத ஆட்கள். மூட்டை தூக்க, ஆடு பிடிக்க, கம்பம் நட என்றால் வருவார்கள், வந்த இடத்தில் பேசிக்கொள்வார்கள். ஷட்டர் தூக்க வந்ததால்தான் அந்த நாலு வார்த்தை இருந்தது. அந்த வேலையை நீ எடுத்துவிட்டாய், மரியாதையை நான் எடுத்துவிட்டேன். மரியாதையை மன்னிப்புக் கேட்டு என்னால் திருப்பிக் கொடுக்க முடிந்தது. வேலையை யார் கொடுப்பது?

நான்தான் கொடுத்தேன். ஷெட்டுக்குப் போகும் லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, துணியில் சுற்றி, புளிப் பானையில் அடியில் போட்டுவிட்டேன். மெஷின் செத்துப்போச்சு என்று உன் நைனாவிடம் சொன்னேன். அவர் சுவிட்சைத் தட்டிப் பார்த்தார், பிளக்கைத் தட்டிப் பார்த்தார், பிறகு அரசு காட்டியிருந்த கயிற்றை இழுத்து மோட்டாரை விடுவித்துவிட்டு இடது கையால் ஷட்டரைத் தூக்க ஆரம்பித்தார். முழங்கால் உயரத்துக்கு வந்து கோணலாக மாட்டிக்கொண்டது. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன், போய்ப் பிடிக்கவில்லை, அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்று கெங்கையம்மனை வேண்டிக்கொண்டு நின்றேன். கேட்டது. உன் சின்ன நைனா லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை, “நவுரு அண்ணா” என்றார், ஒரே தூக்கு. அன்றிலிருந்து தினமும் வருகிறார். முதலில் காபியைத் தொடவில்லை, டம்ளர் ஆறிப்போய்த் திரும்பி வந்தது. இப்போது குடிக்கிறார். நேற்றுக் காவடியை இறக்கிப் பார்த்துவிட்டு, மயில்தோகை கொட்டிப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றாராம். வருகிறேன் என்று வாயால் சொல்லவில்லை, அதனால் எனக்கு இன்னும் திக்திக்கென்றுதான் இருக்கிறது, ஆனால் மணவூர் பேச்சையும் எடுக்கவில்லை. உன் நைனாவும் சாப்பிட்ட தட்டைப் பழையபடி நான் கழுவ விட்டுவைக்கிறார்.

நடுவில் உன் நைனா அரசுவை வேறு கூட்டிவந்துவிட்டார். அவன் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தான், கட்டை இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும், ஆடி கழித்துத்தான் கிடைக்கும் என்று உன் நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனான். இவனையா நான் சந்தேகப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவன் எதற்காக எனக்கு உதவி செய்கிறான் என்பதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்று. இன்றைக்குக் காலையில் உன் நைனா வண்டியை எடுத்துக்கொண்டு போனபிறகு சின்ன நைனா டம்ளரைக் கொடுக்க அடுப்படி வாசல்வரை வந்தார். அங்கிருந்து பார்த்தால் ஃபியூஸ் பெட்டி தெரியும். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், “மெஷினு நல்லா ரிப்பேராத்தான் ஆகிகிது அண்ணி. அவசரப்பட்டு சரி பண்ணிடாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போனார். நான் புளிப் பானையைத் திறந்து, கட்டை இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை போனில், பிளக் ஆஃப்லைன் என்று காட்டுகிறதே அம்மா, என்ன ஆச்சு என்று நைனா காதுபடக் கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, அதை நிறுத்து. புதுசு வாங்கி யாரிடமும் அனுப்பாதே. லீவு போட்டுவிட்டு வந்து சரி செய்கிறேன் என்றும் சொல்லாதே. லீவு போட்டுக்கொண்டு வா, சரி மட்டும் செய்யாதே. கிருத்திகை கழியட்டும், அதற்கப்புறமும் கட்டையை மாட்டுவேனா என்பது சந்தேகம்தான். படித்ததும் இதைக் கிழித்துப் போடு, முழுசாகக் குப்பையில் போடாதே, உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்கிறாய், யார் கண்டது. குளிரில் தலைக்குக் கட்டிக்கொள், கழுத்தெலும்பு மறைகிற அளவுக்குச் சாப்பிடு. தணிகைமலையான் உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், உன் கைவேலை எல்லாம் பலிக்கட்டும், இந்த ஒன்றைத் தவிர. உன் போனில் அது செத்துப்போனதாகக் காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும் கண்ணு, இங்கே ஷட்டர் தினமும் திறக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா,
சு. மணியம்மை